தாத்தாவின் 405 ரைபிளுக்குத் தோட்டா கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. என்ன செய்யலாம்?

அஞ்செட்டிப் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். அஞ்செட்டிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். தாத்தா காலத்து ரைபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது, வின்செஸ்டர் 1895 மாடல், 405 போர் (போர் என்றால் குழலின் உள் அளவு, அதற்கேற்ற தோட்டா ரகம்). விசைக்குக் கீழே இருக்கும் லீவரை முன்னால் தள்ளி இழுத்தால் காலி உறை வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறும், அந்த ரகம். பெங்களூரில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது தாத்தாவுக்கு விற்றுவிட்டுப் போனார் என்று அப்பா சொல்வார். அப்போதெல்லாம் வனத்துறையிடம் பர்மிட் எடுத்து வேட்டைக்குப் போகலாம். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்ததோடு அதெல்லாம் முடிந்தது. ரைபிள் மட்டும் லைசென்ஸோடு தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது, அப்பாவுக்கு எழுபது வயது ஆனதும் முறைப்படி விண்ணப்பம் போட்டு இப்போது என் பெயரில் இருக்கிறது.

பிரச்சினை தோட்டாதான். அப்பாவிடம் லைசென்ஸ் இருந்த காலத்தில் ரொம்ப வருடம் இதற்குத் தோட்டாவே கிடைக்காமல் இருந்து, பிறகு சென்னையில் ஒரு கடையில் அமெரிக்காவில் செய்த ஹார்னடி பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் சிலதுதான் மிச்சம். நான் சேலத்தில் கேட்டேன், சென்னையில் கேட்டேன், பாதிப் பேர் அந்தப் போர் பெயரையே கேள்விப்படவில்லை. ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் வரவழைத்துத் தரலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். ஒரு தோட்டாவுக்கு அவர் சொன்ன விலையில் ஒரு மூட்டை டிஏபி உரம் வாங்கிவிடலாம், பெட்டி விலை இல்லைங்க, ஒரு தோட்டாவுக்கு.

தாத்தா வைத்திருந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்றும் பீரோவில் இருக்கிறது, வின்செஸ்டர் பெயர் போட்டது, சில தோட்டாக்களில் பச்சை பிடித்திருக்கிறது. அதைத் துடைத்துச் சுடலாமா? ஊரில் ஒருவர் காலி உறையைக் கொடுத்தால் மருந்து அடைத்து ஈயக் குண்டு வைத்துத் தருகிறேன் என்கிறார், அது சரியா? இல்லை, ரைபிளைக் கடையில் கொடுத்துவிட்டு அரசு ஆலையில் செய்யும் 315 ரைபிள் ஒன்றை வாங்கிக்கொள்வதா? ஏன் இப்படி விலை ஏறுகிறது என்றும் யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வேட்டைக்குக் கேட்கவில்லை. காட்டு ஓரத்தில் தனி வீடு, பாதுகாப்புக்கு என்றுதான் லைசென்ஸ். அதற்கு மேல் இது தாத்தா கை பட்ட பொருள், வெறும் இரும்பாகச் சுவரில் மாட்ட மனசு வரவில்லை.


ஓசூர் 275:

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது, என் வீட்டில் இருப்பது 275 ரிக்பி ரைபிள். தோட்டா தேடி அலைவது பல வருடமாக நடக்கிறது, அதனால் விலை விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முதலில் ஒன்று. கடைக்காரர் கொள்ளை அடிக்கிறார் என்று நாம் எல்லாரும் முதலில் நினைப்போம், கொஞ்சம் லாபம் கூட வைக்கவும் செய்கிறார்கள், ஆனால் கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. நம் நாட்டில் அரசு ஆலைகள் செய்வது சில ரகம்தான்: 12 போர், 315, 22, 32 ரிவால்வர், பிஸ்டல், இப்படி. புணே பக்கத்தில் கட்கி ஆலை இதில் பேர் போனது, சக்திமான் என்று 12 போர் தோட்டா வருகிறதே, அது அங்கே செய்வதுதான். 2021 அக்டோபரில் அரசு ஆயுத ஆலைகளை நடத்திய பழைய ஆர்டனன்ஸ் போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது தோட்டா, வெடிமருந்து ஆலைகள் எல்லாம் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனிக்குப் போயின. அவர்களுக்கு ராணுவ ஆர்டர்தான் முதல், நம்மைப் போன்றவர்கள் கடைசி. 315கூடச் சில சமயம் மாதக்கணக்கில் கடையில் இருக்காது. அப்படி இருக்கும்போது 405, 318, 375, 470 எல்லாம் யார் செய்யப் போகிறார்கள்? ஒவ்வொரு தோட்டாவும் கப்பலில்தான் வர வேண்டும்.

வெளிநாட்டிலும் இந்தப் பழைய போர்களை தினமும் செய்வதில்லை. 405 வின்செஸ்டர் 1904இல் வந்தது, 1909இல் ஆப்பிரிக்கா போன அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு இதைத்தான் நம்பினார், அந்தக் காலத்தில் அவ்வளவு பேர். பிறகு வின்செஸ்டரே செய்வதை நிறுத்திவிட்டது. 2000த்துக்குப் பிறகுதான் ஹார்னடி மறுபடியும் கையில் எடுத்தது. உங்கள் அப்பாவுக்கு ரொம்ப வருடம் கிடைக்காமல் இருந்து பிறகு திடீரென்று கிடைத்ததற்குக் காரணம் இதுதான். இங்கிலாந்தில் கைனாக் கம்பெனி 1970 வாக்கிலேயே பெரிய ரைபிள் தோட்டாக்களைக் கைவிட்டது, அந்தப் பெயரில் பின்னால் இன்னொரு சிறிய கம்பெனி தொடர்கிறது. இவர்கள் எல்லாரும் வருடத்தில் ஒரு முறை மெஷினை மாற்றி ஒரு லாட் ஓட்டுவார்கள், அது தீர்ந்தால் அடுத்த முறை வரைக்கும் கிடையாது. 2020இல் கொரோனா சமயத்தில் அமெரிக்காவில் ஜனங்கள் கடையைக் காலி செய்தார்கள், ரெமிங்டன் கம்பெனி அதே வருடம் திவால் ஆனது, இருந்த ஆலைகள் எல்லாம் 9 மி.மீ., 223 என்று வேகமாக விற்கும் சரக்குக்கே மெஷினை விட்டன. பழைய போர் லாட் தள்ளிப்போனது, இன்னும் தள்ளிப்போனது.

அதிலிருந்து எழுந்திருப்பதற்குள் 2022இல் உக்ரைன் சண்டை. இதுக்கும் நம் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். புகையில்லாத வெடிமருந்துக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், அதற்கு மூலப்பொருள் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு. பீரங்கிக் குண்டை அனுப்பும் மருந்துக்கும் அதே சரக்குதான் வேண்டும். ஐரோப்பாவில் 155 மி.மீ. குண்டு எவ்வளவு செய்தாலும் போதவில்லை என்ற நிலையில் மருந்து ஆலைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2024இல் அமெரிக்காவில் மருந்து விலையைக் கம்பெனிகள் தெரிவித்துவிட்டே ஏற்றின. அதே வருடம் சீனா ஆண்டிமனி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, ஈயத்தைக் கெட்டிப்படுத்தவும் பின்னால் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் கேப்புக்கும் அது வேண்டும். இதற்கு மேல் ரூபாய். 2014இல் டாலர் அறுபது ரூபாய் அளவில் இருந்தது, 2025இல் எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் விலை ஏறாமல் இருந்தால்கூட நமக்கு ஏறியிருக்கும்.

ஒரு நல்ல செய்தி, உங்கள் 405 இறக்குமதிக்குத் தடை உள்ள போர் இல்லை. துப்பாக்கியைத் தனியாள் இறக்குமதி செய்வதை 1980களின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் தோட்டாவுக்கு, லைசென்ஸ் உள்ள கடைக்காரர்கள் மத்திய அரசிடம் அனுமதி எடுத்து வரவழைக்கலாம் என்று இறக்குமதிக் கொள்கையில் ஒரு பட்டியலே இருக்கிறது. 275, 318, 375 மேக்னம், 405, 470, 9.3 மி.மீ. எல்லாம் அதில் உண்டு. கடைக்காரர் ஏன் வரவழைப்பதில்லை என்றால் ஒரு பெட்டிக்காக அந்த அனுமதிக்கு யார் அலைவார்கள், அவ்வளவுதான்.


மாரண்டஅள்ளி விவசாயி:

நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 405, 275 என்று நீங்கள் பேசுவது எனக்குத் தூரத்து விஷயம். எங்கள் பக்கம் மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டவன் ராத்திரி தூங்க முடியாது. பன்றி ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் கொல்லையில் கிழங்கு இருக்காது, குழிதான் இருக்கும். எங்கள் அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் இருக்கிறது, வாய் வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதற்குக் கருமருந்தும் கேப்பும் முறைப்படி எங்கே கிடைக்கிறது சொல்லுங்கள். முன்பு கிடைத்த இடத்தில் இப்போது லைசென்ஸ் இல்லை, சரக்கு இல்லை, நாளைக்கு வா. சத்தத்துக்காக ஒரு வேட்டு விடக்கூட வழி இல்லாமல் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

முறையான சரக்கு இல்லாமல் போனால் என்ன நடக்கிறது என்று இந்த மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருத்தன் பட்டாசு மருந்தைக் கொட்டி பால்ரஸ் என்ற இரும்பு உருண்டை போட்டு இடிக்கிறான், குழல் வெடித்துக் கை போகிறது. ஒருத்தன் தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைக்கிறான், பன்றி கடிக்க வேண்டியதை மாடு கடித்து வாய் கிழிகிறது, யானைகூடக் கடிக்கிறது. ஒருத்தன் கரண்ட் கம்பி இழுக்கிறான். 2023 மார்ச்சில் எங்கள் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன, தாயில்லாமல் இரண்டு குட்டிகள் பிணத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. அந்தக் கம்பியை நான் ஒரு நாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த விவசாயி அந்த நிலைக்கு எப்படி வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு மேல் போனால் வனத்துறையினர் சுடலாம். கேரளாவில் பஞ்சாயத்துத் தலைவரே அனுமதி கொடுத்து லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், இங்கே வனத்துறை மட்டும்தான். எங்கள் நிலத்திலிருந்து காடு கூப்பிடும் தூரம். எங்களுக்கு எந்த வட்டமும் பொருந்தாது.

தம்பி, ஒன்று மட்டும் சொல்கிறேன். தோட்டா கிடைத்தாலும் அந்த ரைபிளை பன்றிக்கு என்று வெளியே எடுத்துவிடாதே. சட்டம் ஒரு பக்கம். அதன் குண்டு குறி தவறினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, நம் பக்கம் கொல்லைக்குக் கொல்லை ஆள் காவல் படுத்திருக்கிறான்.


பழைய ஆர்மரர்:

பட்டாலியனில் துப்பாக்கி பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது தருமபுரியில் இருக்கிறேன். தம்பி கேட்ட இரண்டு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பச்சை பிடித்த தோட்டாவைச் சுடாதே. மருந்து அடைத்துத் தருகிறேன் என்பவர் பக்கமே போகாதே.

ஏன் என்று விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விலை ஏற ஏற இந்த இரண்டையும்தான் ஜனங்கள் செய்கிறார்கள். பித்தளை உறை வருடக்கணக்கில் ஈரமும் மாட்டுக் கொட்டகைக் காற்றும் பட்டால் உள்ளுக்குள் நொய்ந்துபோகும். வெளியே துடைத்தால் பளபளக்கும், ஆனால் வாய்ப் பக்கம் முடி போல விரிசல் இருக்கும். வெடிக்கும்போது உறை பிளந்தால் வாயு பின்பக்கம் வரலாம், பின்பக்கம் இருப்பது உங்கள் கண். 1895 மாடலில் லீவர், போல்ட் எல்லாம் முகத்துக்கு ரொம்பக் கிட்டே என்பது உங்களுக்கே தெரியும். பச்சை இல்லாத பழைய தோட்டாவுக்கும் இன்னொரு ஆபத்து உண்டு. கேப் செத்துப்போய் மெதுவாகப் பற்றும், விசை இழுத்ததும் ‘டக்’ என்று மட்டும் கேட்கும், சரி வேலை செய்யவில்லை என்று உடனே லீவரைத் திறப்பார்கள், திறந்த பிறகு வெடிக்கும். எந்தத் தோட்டாவாக இருந்தாலும் வெடிக்கவில்லை என்றால் குழலை மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருந்துதான் திறக்க வேண்டும்.

பழைய சரக்கில் மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, அது ஆளைக் கொல்லாது, துப்பாக்கியைக் கொல்லும். அந்தக் காலத்து கேப்பில் இருந்த உப்பு குழலுக்குள் தங்கும், நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் ஒரு வாரத்தில் உள்ளே துரு பூத்துவிடும். எண்ணெய் மட்டும் போட்டால் அந்த உப்பு போகாது, கொதிநீர் விட்டுக் கழுவித் துடைத்துப் பிறகு எண்ணெய் போட வேண்டும். உங்கள் தாத்தா அப்படிப்பட்ட தோட்டாதான் சுட்டிருப்பார், அதனால் முதலில் குழலுக்குள் விளக்குப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழி குழியாக இருந்தால் நீங்கள் தோட்டாவுக்கு எவ்வளவு செலவு செய்தும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் இன்னொரு பெரிய தப்பு, தன் போர் கிடைக்காமல் பக்கத்துப் போரைப் போட்டுப் பார்ப்பது. இதை எல்லாரும் படிக்க வேண்டும். 315 வைத்திருப்பவர் ‘8 மி.மீ.’ என்று மட்டும் கேட்டு வாங்கக்கூடாது. 315 தோட்டா பின்பக்கம் விளிம்பு உள்ள பழைய மன்லிகர் ரகம், 8x57 என்பது விளிம்பில்லாத ஜெர்மன் மவுசர் ரகம், இரண்டும் வேறு ஜாதி. அந்த 8x57லேயே எஸ் என்று எழுத்துச் சேர்ந்தது தடிமனான குண்டு, எழுத்து இல்லாத பழைய குழலில் அதைச் சுட்டால் அழுத்தம் எகிறும். அதே மாதிரி 12 போரில் இங்கிலீஷ்காரர்கள் செய்த பழைய இரட்டைக் குழல்கள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மி.மீ.தான். இன்று கடையில் விற்பது பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டா. உள்ளே சுகமாகப் போகும், மூடியும் விடும், அதுதான் ஆபத்து. வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடம் இல்லாமல் குழல் குறுகும் இடத்தில் முட்டும். குழலின் அடியில் அறை நீளம் பொறித்திருக்கும், இல்லை என்றால் ஆர்மரரிடம் காட்டி அளந்துகொள்ள வேண்டும். அதிலும் பாம்புச் சட்டை போல வரி வரியாகத் தெரியும் முறுக்கு இரும்புக் குழல் என்றால் அது கருமருந்துக் காலத்துக் குழல், அதில் இன்றைய தோட்டா எதுவுமே போடக்கூடாது.

275 ஐயாவுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன், அவருக்குத் தெரிந்தும் இருக்கலாம். 275 ரிக்பி என்பதும் 7x57 மவுசர் என்பதும் ஒரே தோட்டாதான். கடையில் 275 இல்லை என்று கையை விரித்தால் 7x57 என்று கேளுங்கள். பழைய ரிக்பி குழலுக்கு எந்த எடை குண்டு என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மருந்து அடைப்பவர் விஷயம். எந்த மருந்து, எத்தனை கிரெயின் (மருந்தும் குண்டும் நிறுக்கும் சிறு எடை அளவு), எந்த எடைக் குண்டு, உறை எத்தனை முறை சுட்டது, இது நான்கும் தெரியாமல் அடைப்பவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார். 405க்கு 300 கிரெயின் எடையுள்ள குண்டு, முதல் நாளிலிருந்தே புகையில்லாத மருந்துக்கு என்று செய்த போர், அழுத்தம் அதிகம். ஊரில் கிடைக்கும் மருந்தை அதில் போட்டால் ஒன்று குண்டு குழலுக்குள் நடுவில் நின்றுவிடும், அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும், இல்லை முதல் தோட்டாவிலேயே வெடிக்கும். விரல் இல்லாதவர்களை நான் பார்த்திருக்கிறேன் தம்பி.

கடைசியாக, துப்பாக்கி உயிரோடு இருக்க வருடா வருடம் சுட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தேவையில்லை. மருந்தில்லாத டம்மி தோட்டா வைத்து லீவர் ஓடுகிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, லேசாக எண்ணெய் போட்டு, துணியில் சுற்றாமல் வையுங்கள், துணி ஈரம் பிடிக்கும். மிச்சம் இருக்கும் ஹார்னடியை எண்ணெய் படாமல் தனி டப்பாவில் வையுங்கள், எண்ணெய் கேப்புக்குள் இறங்கினால் அதுவும் செத்துவிடும். துப்பாக்கியின் மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் போதும்.


அஞ்செட்டிப் பேரன்:

ஐயா, ரொம்ப நன்றி. படித்துவிட்டு அந்த அட்டைப்பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே சில உறைகளில் வாய்ப் பக்கம் கோடு தெரிகிறது. அதைத் தொடப் போவதில்லை. மருந்து அடைக்கிறேன் என்றவருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தப் பழைய தோட்டாக்களை என்ன செய்வது? கிணற்றில் போட்டுவிடு என்கிறார் சித்தப்பா. விற்பதா வைப்பதா என்பதிலும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. மாரண்டஅள்ளி அண்ணா, நீங்கள் சொன்னது மனசில் இருக்கிறது, பன்றிக்கு இதை எடுக்க மாட்டேன்.


கிருஷ்ணகிரி வக்கீல்:

கிணற்றில் போட வேண்டாம், நெருப்பில் போடவே வேண்டாம். உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் எத்தனை தோட்டா வாங்கியதாகப் பதிவு இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பழைய பெட்டி கணக்கில் வராமல் இருந்தால் எழுத்து மூலம் ஒரு மனு எழுதி, தாத்தா காலத்துச் சரக்கு, பயன்படுத்த முடியாத நிலை, ஒப்படைக்கிறேன் என்று காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுப்பது வேறு, யாரோ சோதனைக்கு வந்து கண்டெடுப்பது வேறு.

உறையில் மருந்து அடைப்பது சட்டப்படியும் தவறு, 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா செய்வதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும், அவரிடம் அது இருக்காது. அதே மாதிரி இன்னொரு லைசென்ஸ்தாரர் தன்னிடம் மிச்சம் இருக்கிறது என்று கையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்குவது எல்லாம் கடை வழியாக, புத்தகத்தில் பதிவு போட்டு. ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உங்கள் லைசென்ஸிலேயே எண் இருக்கும், இறக்குமதிச் சரக்கு எப்போதாவதுதான் வருகிறது என்பதால் அந்த எண் குறைவாக இருந்தால் காரணம் சொல்லிக் கூட்டித் தரக் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் இப்போதே மனு கொடுத்து வைப்பது நல்லது. சரக்கு வந்த பிறகு மனு போட்டால் உத்தரவு வருவதற்குள் சரக்கு போய்விடும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு ஒன்று. பெங்களூர் கிட்டே இருக்கிறதே என்று அங்கே கடைக்குப் போகிறீர்கள். உங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் என்றால் மாநில எல்லையைத் தாண்டித் துப்பாக்கியோ தோட்டாவோ எடுத்து வருவது பெரிய சிக்கலில் முடியும். அத்திப்பள்ளி தாண்டுவதற்கு முன் புத்தகத்தில் எந்தப் பகுதிக்கு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

விற்பதா வைப்பதா என்று கேட்டீர்கள். பாரம்பரியமாக வந்த துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி வழி செய்கிறது: லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசுக்கு, அல்லது அவருக்கு எழுபது வயது ஆனாலோ அந்தத் துப்பாக்கி இருபத்தைந்து வருடம் அவரிடம் இருந்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். நீங்கள் செய்தது அதுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து வருடமாக ஆகியிருக்கிறது. அதனால் 405ஐக் கொடுக்காமலே 315க்கு விண்ணப்பிக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்று கேட்பார்கள். தனி வீட்டுப் பாதுகாப்புதான் காரணம் என்றால் 12 போர் கேளுங்கள். நீளம் இருபது அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரியில்லாத குழலுக்குச் சட்டத்தின் 13ஆம் பிரிவே தனியாக இடம் கொடுக்கிறது, தோட்டாவும் இங்கேயே செய்வது, ரைபிளை விட லைசென்ஸ் கிடைப்பது எளிது.

மாரண்டஅள்ளி ஐயா சொன்ன பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கியும் அதே பிரிவில்தான் வருகிறது, வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கி என்று சட்டமே பெயர் சொல்லியிருக்கிறது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு மருந்துக்கு வழி சொல்லாமல் விடுவது நியாயமே இல்லை. தனி ஆளாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டம் மாதாமாதம் நடக்கிறது, லைசென்ஸ் உள்ளவர்கள் சேர்ந்து, எத்தனை பேரிடம் துப்பாக்கி இருக்கிறது, மருந்து எந்தக் கடையில் கிடைக்க ஏற்பாடு வேண்டும் என்று எழுதி கலெக்டர் கையில் கொடுங்கள். அங்கே கொடுக்கும் மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மனுவை எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம்.

பொதுவாக எல்லாருக்கும்: உங்கள் துப்பாக்கிப் படம், வரிசை எண், ஊர்ப் பெயர், வீட்டு அடையாளம் எதையும் இங்கே போடாதீர்கள். லைசென்ஸில் யுஐஎன் என்ற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள், அது இல்லாத லைசென்ஸ் செல்லாது, தோட்டா வாங்கப் போகும் இடத்தில்தான் பலருக்கு இது தெரிய வருகிறது.


ஓசூர் 275:

ஆர்மரர் ஐயா, 7x57 என்று கேட்கும் விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் எத்தனையோ பேருக்குத் தெரியாது, எழுதியது நல்லதாயிற்று.

பேரன் தம்பி, விற்காதீர்கள். இன்று 405ஐக் கடையில் கொடுத்தால் வாங்குபவரும் தோட்டா இல்லை என்பதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார். போனால் திரும்ப வராது, துப்பாக்கி இறக்குமதி கிடையாது என்பதால் நாட்டில் இருப்பதுதான் இருப்பு.

நான் முதலில் சொன்னதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு பெட்டிக்காக எந்தக் கடைக்காரரும் இறக்குமதி அனுமதிக்கு அலைய மாட்டார். ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ஈரோடு நான்கு மாவட்டத்திலும் பழைய போர் வைத்திருப்பவர்கள் ஒரே கடையில் போய் எழுத்து மூலம் கேட்டால், முன்பணமும் கொடுத்தால், அவருக்கும் கணக்குச் சரியாக வரும். சேலத்தில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரரிடம் பேசினேன். எந்தப் போர், எத்தனை பெட்டி, லைசென்ஸில் வருடத்துக்கு எத்தனை அனுமதி, இந்த மூன்றும் வந்தால் விண்ணப்பம் போட்டுப் பார்க்கிறேன் என்றார். மாதங்கள் ஆகும், வந்து சேரும் அன்று டாலர் என்ன விலையோ அதுதான் விலை என்றும் சொன்னார். விலை குறையாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். இருபது முப்பது வருடத்துக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சுத்தமான புதுச் சரக்கு கையில் இருக்கும், அவ்வளவு கிடைத்தால் போதும் எனக்கு. போர் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் இங்கே சொல்லுங்கள், ஆள் விவரம் கடையில் நேரில்.


பென்னாகரம் 318:

318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், மாமனார் வழியில் மனைவி பெயரில் இருக்கிறது. ஒரு பெட்டி போதும். 318 கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா, நார்மா கம்பெனியோ கைனாக்கோ எதுவானாலும் சரி. வர்ற வாரம் சேலம் போகிற வேலை இருக்கிறது, லைசென்ஸ் புத்தகத்தோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரில் வருகிறோம்.


அஞ்செட்டிப் பேரன்:

405, இரண்டு பெட்டி. புத்தகத்தில் ஒரு நேரத்துக்கு 25தான் எழுதியிருக்கிறது, அதனால் வக்கீல் ஐயா சொன்னபடி முதலில் கலெக்டர் அலுவலகத்தில் மனு. அதுவரைக்கும் ஒரு பெட்டி என்று எழுதிக்கொள்ளுங்கள்.


மாரண்டஅள்ளி விவசாயி:

வக்கீல் ஐயா, எங்கள் பஞ்சாயத்தில் லைசென்ஸ் உள்ளவர்களைக் கேட்டு வைக்கிறேன். அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிவிடலாம். கருமருந்தோடு கேப்பையும் சேர்த்து எழுதுங்கள், மருந்து மட்டும் கிடைத்தால் வேலைக்கு ஆகாது.